மாத்திரை பரிசோதனை: என்.ஐ.ஆரா, ராமனா, யு.வி.யா?

ரங்கூன், மோல்மேன், பெகு பக்கம் கோயில் மருத்துவ முகாமுக்கும் தர்ம மருந்தகத்துக்கும் மொத்தமாக மாத்திரை வாங்குபவர்கள், கருவியின் விலையைக் கேட்பதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். போலி மாத்திரை வேறு, மருந்தளவு குறைந்த மாத்திரை வேறு. போலியைக் கையடக்க ஒளிக்கருவி ஒரு நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். நூற்றுக்கு எண்பது பங்கு மருந்து உள்ள மாத்திரையோ அதே கருவியிடம் பெரும்பாலும் தப்பிவிடும்.

இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. 2005-இல் கிழக்கு பர்மாவில் 23 வயது இளைஞர் ஒருவர் மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட் சாப்பிட்டும் இறந்துபோனார். 50 மி.கி. இருக்க வேண்டிய மாத்திரையில் இருந்தது சுமார் 10 மி.கி.தான், கூடவே பாரசிட்டமால். ஆர்ட்டிசுனேட் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சாயச் சோதனையில் நிறம் வர அந்தக் கொஞ்சமே போதும்.

என்.ஐ.ஆர். என்கிற அண்மை அகச்சிவப்புக் கருவியின் பெரிய வசதி, மாத்திரையை அட்டையிலிருந்து பிரிக்காமலே அளக்கலாம் என்பது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பக்கத்தை வைக்க வேண்டும், அலுமினியத் தாள் பக்கம் பயன்படாது. கையடக்க வகைகள் பலவும் 900 முதல் 1700 நானோமீட்டர் வரை படிப்பவை. மருந்து, மாவு, லாக்டோஸ், மாத்திரையின் இறுக்கம் எல்லாம் கலந்த ஒரே வரைவைத் தருவதால், அதே கம்பெனியின் அசல் மாத்திரையை முன்பே பதிந்து வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். ஒரே பேட்ச் போதாது, மூன்று நான்கு பேட்சாவது வேண்டும். இந்தியா, தாய்லாந்து, சீனா என்று ஒரே மருந்து பல பெயர்களில் வரும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு தேவை.

மழைக்காலம் இதற்கு எதிரி. 1450 நானோமீட்டர் பக்கம் நீர் வலுவாக உறிஞ்சும். ஜூலையில் அட்டையை உடைத்து அரை நாள் வெளியே கிடந்த அசல் மாத்திரைக்குக்கூடக் கருவி ‘பொருந்தவில்லை’ என்று சொல்லலாம். அசலையும் சந்தேக மாத்திரையையும் ஒரே அறையில், பிரித்து அளப்பதானால் பிரித்தவுடன், அடுத்தடுத்து அளப்பதே வழி.

லேசர் ஒளி மாத்திரையில் பட்டுச் சிதறுவதைப் படிக்கும் ராமன் கருவிக்கு ஈரம் பொருட்டல்ல, நீரின் ராமன் சிதறல் அவ்வளவு பலவீனம். (இந்தச் சிதறலைக் கண்டறிந்த சி.வி. ராமன் 1909-இல் நிதித்துறை அதிகாரியாக ரங்கூனில் வேலை பார்த்தவர் என்பது இங்குள்ள தமிழர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய செய்தி.) சிகரங்கள் கூர்மையாக வருவதால் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்றே படித்துவிடலாம். ஆர்ட்டிசுனேட் என்று விற்ற மாத்திரையில் 857, 1324, 1648 (செ.மீ.⁻¹ என்ற ராமன் அளவில்) எண்களில் சிகரம் எழுந்தால் அது பாரசிட்டமால்.

இதன் தொல்லை நிறப்பூச்சு. 785 நானோமீட்டர் லேசர் பட்டதும் பல பூச்சுகள் ஒளிர்ந்து சிகரங்களை மூழ்கடித்துவிடும். வெள்ளைப் பூச்சிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு 395, 515, 637-இல் தன் சிகரங்களையே காட்டும். பிளேடால் மாத்திரையை இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தை அளந்தால் சரியாகும். லேசர் புள்ளி மிகச் சிறியது, ஆகவே நான்கைந்து இடங்களில் படிக்க வேண்டும். லேசரைக் கண்ணால் நேராகப் பார்க்கக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கான 5 மி.கி. அம்லோடிபின் போல, எடையில் சில சதவீதமே மருந்துள்ள மாத்திரைகளில் இரண்டு கருவிகளும் தடுமாறும்.

அளவைச் சொல்வது யு.வி. என்கிற புற ஊதா மேசைக் கருவி. பாரசிட்டமாலுக்கு முறை இது: 20 மாத்திரையை எடைபோட்டுப் பொடியாக்கி, 150 மி.கி. பாரசிட்டமாலுக்குச் சமமான பொடியை எடுக்க வேண்டும். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி., தண்ணீர் 100 மி.லி. சேர்த்து 15 நிமிடம் குலுக்கி, 200 மி.லி. ஆக்கி வடிகட்ட வேண்டும். அதில் 10 மி.லி.யை 100 ஆக்கி, அதிலிருந்து மறுபடி 10 மி.லி. எடுத்து, அதே காரம் 10 மி.லி. சேர்த்து 100 ஆக்க வேண்டும். 257 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் எண் சுமார் 0.536 வந்தால் முழு அளவு. 0.509-க்குக் கீழே போனால் 95 சதவீதத்துக்கும் குறைவு. வடிகட்டல் கலங்கலாக இருந்தால் எண் கூடி, குறை மாத்திரையும் தேறிவிடும். கரைசலை ஊற்றி அளக்கும் சிறு குப்பியான குவெட் கண்ணாடியாக இருந்தால் இந்த அலைநீளத்தில் ஒளியை விழுங்கிவிடும், குவார்ட்ஸ்தான் வேண்டும். மின்சாரம் போய் வந்தால் விளக்கு சூடாக மறுபடி அரை மணி நேரம் விட வேண்டும்.

ஆனால் ஆர்ட்டிசுனேட்டுக்கு இந்த வழி அடைபட்டது. அதன் மூலக்கூறு யு.வி.யில் உருப்படியாக எதையும் உறிஞ்சாது, எச்.பி.எல்.சி. (கரைசலிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) உள்ள ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

எப்போதும் அதே இரண்டு மூன்று பிராண்டுகளையே வாங்குபவருக்கு என்.ஐ.ஆர். போதும். கிடைத்ததை வாங்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு ராமனைத்தான் சொல்வோம். எதில் சந்தேகம் வந்தாலும் இன்னொரு அட்டையிலிருந்து மறுபடி அளந்து பாருங்கள். பிரிக்காத அட்டைகளைப் பெட்டியோடும் பேட்ச் எண்ணோடும் தனியே எடுத்து வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், முடிவு வரும்வரை அந்த பேட்சிலிருந்து ஒரு மாத்திரையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது.