24 பலங்கள் கேள்வித்தாள்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சாலை விபத்தில் உயிர் தப்பி எட்டு மாதங்கள் ஆகியும் வண்டிச் சாவியைக் கையில் எடுக்க முடியாமல் இருக்கும் நண்பர் ஒருவர், "நீங்கள் நிரப்பிய அந்தப் பலங்கள் கேள்வித்தாளை நானும் நிரப்பினால் சரியாகிவிடுமா?" என்று சென்ற வாரம் கேட்டார். ஒற்றை வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. 2019 முதல் ஆறு ஆண்டுகள் அதைப் பயன்படுத்தியவன் என்ற முறையில், அது எனக்குக் கொடுத்ததையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேள்வித்தாளைப் பற்றிப் பலருக்கும் தெரியும். கிறிஸ்டோபர் பீட்டர்சன், மார்ட்டின் செலிக்மன் என்ற இரு உளவியலாளர்கள் 2004-இல் வெளியிட்ட பகுப்பின்படி மனிதரின் நற்பண்புகள் 24. நம்முடைய பதில்களைக் கொண்டு அவற்றை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தித் தருவார்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. என் மகள் ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, நான் பதில் சொன்னேன்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது, கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்கு அருகிலுள்ள எங்கள் ரப்பர் தோட்டத்தில் உலர்த்தியிருந்த ரப்பர் ஷீட்டுகளை எடுக்க நானும் என் மைத்துனரும் சென்றிருந்தோம். ரப்பர் மரம் காற்றுக்கு வளைந்து கொடுக்காது, நடுவில் முறியும். முறியும்போது எழும் அந்தச் சத்தத்துக்குப் பிறகு மைத்துனர் எழுந்திருக்கவில்லை. அதன்பின் ஒன்றரை ஆண்டுகள், சமையலறையில் விறகு ஒடிக்கும் சத்தம் கேட்டால்கூட நான் வாசலுக்கு ஓடினேன். உறக்கமில்லை, தோட்டத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இத்தகைய அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால் அதற்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று பெயர் என்பதும், 1980 முதலே அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

என் பட்டியலில் முதலிடம் முன்யோசனைக்கு. துணிவு 21-ஆம் இடத்தில். இந்த வரிசைதான் இன்றுவரை என்னை எரிச்சலூட்டுகிறது.

முதல் ஐந்து பலங்களைத் தினமும் புதிய வழியில் பயன்படுத்துங்கள் என்று என்னிடம் சொன்னார்கள். நான் மனதார அப்படியே செய்தேன். காலையில் மூன்று முறை வானிலை அறிக்கை கேட்டேன். வேலியோரத்து மரங்களில் எது சாயக்கூடும் என்று நோட்டில் குறித்தேன். மழை பெய்தால் பால்வெட்டு, அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது, கிடையாது, அது தொழிலின் நியதி. ஆனால் பட்டை உலர்ந்து, வானம் தெளிந்து, இலைகூட அசையாத நாட்களிலும் நான் போகவில்லை, அதற்கு முன்யோசனை என்று பெயரும் வைத்துக்கொண்டேன். பயம் என் பலத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆறு மாதம் வீட்டை ஆண்டது. இந்தப் பண்பை நீ விரும்பிப் பயன்படுத்துகிறாயா, பயந்து பயன்படுத்துகிறாயா என்று அந்தத் தாளில் ஒரு கேள்விகூட இல்லை. தவிர்க்கத் தவிர்க்க அச்சம் வேரூன்றும் என்பது இந்த நோயின் அடிப்படைப் பாடம். அதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை.

பின்னர் கிடைத்த உளவியல் ஆலோசகர் அந்த நோட்டை வாங்கி, தலைகீழாகத் திருப்பிப் பயன்படுத்தினார். "உங்கள் முன்யோசனையைக் கொண்டு ஓர் ஏணி கட்டுங்கள்" என்றார். முதல் படி, வேலிக்கு வெளியே நிற்பது. அடுத்தது, பகலில் முதல் வரிசை மரங்கள் வரை போவது. கடைசிப் படி, விடியற்காலையில் தலைவிளக்குடன் தனியாக வெட்டுவது. ஒவ்வொரு படியிலும் பயத்துக்குப் பூஜ்யம் முதல் நூறு வரை மதிப்பெண் போட வேண்டும். அது தணியும் வரை அங்கிருந்து நகரக் கூடாது. திட்டமிட எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினேழு படிகள் எழுதினேன்.

பதினோராவது படியில் கத்தியை எடுத்தேன். பழைய வெட்டின் மேல் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை உரித்துவிட்டு, பட்டையை நூலிழைபோலச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம்பட்டு, பின்னால் வளரும் பட்டை முண்டுமுண்டாக வரும். கால்கள் நடுங்கின, மதிப்பெண் 85. ஆனால் கத்தி பிடித்த கை மட்டும் நடுங்கவில்லை. சீவல் ஒரே இழையாகச் சுருண்டு விழுந்தது, வெள்ளைக் கோடு ஓடி வந்து சிரட்டையில் சொட்டியது. நாற்பது நிமிடம் கழித்து மதிப்பெண் 50. இருபது ஆண்டுகளாக என்னிடமிருந்த இந்தக் கையின் நிதானத்துக்கு 24 பெயர்களில் எதுவும் பொருந்தவில்லை. துணிவு 21-ஆம் இடத்தில் இருந்தாலும் போதும் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

அந்தத் தாள் இல்லாவிட்டால் இவற்றையெல்லாம் நான் கவனித்திருக்கவே மாட்டேன் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நோய்க்கு வெளியேயும் நான் ஒரு மனிதன் என்று எனக்கு முதலில் காட்டியது அதுதான். இன்றும் பீரோவில் வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை மகளும் நானும் மறுபடி நிரப்புகிறோம்.

இருந்தும் நண்பரே, நீங்கள் இப்போது அதை நிரப்ப வேண்டாம். எனக்குப் போன அந்த ஆறு மாதம் உங்களுக்கும் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இரவில் தாங்க முடியாவிட்டால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசியை, எந்நேரமும் அழைக்கலாம். வருகிற புதன்கிழமை எனக்கு வெட்டு இல்லை; ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு நானும் உடன் வருகிறேன். பேருந்திலேயே போகலாம்.