ஸ்டீவனேஜா, மில்டன் கீன்ஸா?

வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடக்க, பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவே கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் எனக்கு ஸ்டீவனேஜ்தான் நினைவுக்கு வரும். போருக்குப் பிறகு, 1946இல் அறிவிக்கப்பட்ட பிரிட்டனின் முதல் புதிய நகரம் அது. லண்டன் நெரிசலைக் குறைக்க இப்படி ஊர்கள் வேண்டும் என்று 1944இல் திட்டம் வரைந்தவர் பேட்ரிக் அபர்குரொம்பி. (அதே மனிதர்தான் பிறகு கொழும்புக்கும் திட்டம் போட்டுக் கொடுத்தார்.) ஸ்டீவனேஜ் ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை, சும்மா விடவில்லை. திட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சர் லூயிஸ் சில்கினைக் கிண்டல் செய்து, ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் ஸ்டாலின்கிராட் மாதிரி 'சில்கின்கிராட்' என்று மாற்றி வைத்தார்கள்! ஆனாலும் 1959இல் திறந்த கடைத்தெருவில் வாகனமே கிடையாது. பிள்ளையின் கையை விட்டுவிட்டு நடக்கலாம்.

இன்னொரு புதிய நகரமான மில்டன் கீன்ஸ் 1967இல் வந்தது. அதற்குள் கார்க்காலம். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு ஒரு பெருவீதி, சந்திக்குச் சந்தி சுற்றுவட்டம். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் சிவப்புப் பாதை தனியே, பல இடங்களில் வீதிக்கு அடியால் போகும். மரமும் ஏரியும் தாராளம். சரி, ஆனால் எல்லாமே தூரம் தூரம்.

காரில்லாத எனக்கு ஸ்டீவனேஜ். மூன்று பிள்ளைகளும் ஒரு வேனும் வைத்திருக்கும் தங்கச்சிக்கு மில்டன் கீன்ஸ்தான் தோது.