மாமிட வாய்க்குள்ள பயொப்சி, மட்டக்களப்பு அனுபவம்
இந்த முறை களுவாஞ்சிக்குடிக்குப் போன லீவுல பாதி மாமியோட கிளினிக்லதான் போச்சு. கன்னத்து உள்பக்கம் வெள்ளையா ஒரு படை, உறைப்புச் சாப்பிட்டா எரியுது, வாயும் முன்னப் போலத் திறக்குதில்ல. அவ வெத்திலை போடுற ஆள். ஒரு தனியார் இடத்தில வாய்க்குள்ள டோர்ச் கூட அடிச்சுப் பாக்காம ஜெல் ஒண்டக் குடுத்து அனுப்பிட்டாங்க, எனக்கு வந்த கோவம். மறுகா கவர்மென்ட் ஆஸ்பத்திரி. விடியவே போய் நம்பர் துண்டு எடுக்கணும், சனமெண்டா சனம், ஆனா டொக்டர் நாக்குக்கு அடி வரைக்கும் பொறுமையாப் பாத்து, விறைக்க ஊசி போட்டு சோதிக்க சதைத்துண்டு எடுத்தாரு, அதுதான் பயொப்சி, ஒரு சதம் செலவில்ல.

ரிப்போர்ட் வாற வரைக்கும் இரிக்கிற இருப்புத்தான் தாங்கேலாது. துண்ட ஃபோர்மலின்ல போட்டு, மெழுகுல பதிச்சு, சீவி, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல பாக்கணும், நாள் எடுக்கும். நான் இரிக்கிற மொன்ட்ரியல்ல மூளைக்கட்டி ஒப்பரேசன் நடக்கக்கொள்ளயே பேனா மாதிரி ஒரு கருவியால லேசர் அடிச்சு, இது கேன்சரா நல்ல சதையா எண்டு செக்கன் கணக்குல பாத்து 2015ல ஆய்வு வெளியிட்டாங்க. அடிப்படை திருச்சியில பிறந்த சி.வி.ராமன் 1928ல கண்டதுதான்: ஒரு பொருள்ல பட்ட வெளிச்சத்தில மிக மிகக் கொஞ்சம் மட்டும் நிறம் மாறித் திரும்பும், சதையில எவ்வளவு மாறுதெண்டது அங்க இரிக்கிற புரதம், கொழுப்பு, டிஎன்ஏட அதிர்வப் பொறுத்தது, கேன்சர் வந்த இடத்தில அந்தக் கலவை வேற.

ஆனா அந்த சிக்னல் சரியான பலவீனம், சதை தானா விடுற ஒளிர்வே அத மூடிப் போடும். நீல வெளிச்சம் அடிச்சுப் பாக்குற கருவியும் இரிக்கு, நல்ல சதை பச்சையா ஒளிரும், பழுதான இடம் இருட்டாத் தெரியும், ஆனா சும்மா அழற்சியும் இருட்டாத்தான் தெரியும். அதனால ஆராவது லைட் டெஸ்ட் போதும், வெட்டத் தேவல்ல எண்டா நம்பாதீங்க. எங்க வெட்டணும், எதுவரைக்கும் வெட்டணும் எண்டு காட்ட இது உதவும், இலங்கையில ஆம்பிளைகளுக்கு வாற கேன்சர்ல வாய்தான் முதல், நம்மட ஆஸ்பத்திரிகளுக்குத்தான் இது முதல்ல வரணும்.

மாமிக்கு கேன்சர் இல்ல, அதுக்கு முந்தின மாற்றம் எண்டு வந்திரிக்கு. பொயிலைய மட்டும் விடுறன் எண்டு மாமி சொல்ல, டொக்டர் பாக்கே கூடாதெண்டுட்டாரு. பாக்கு தனியாவே கேன்சர் குடுக்குமெண்டு உலக சுகாதார ஸ்தாபனத்திட கேன்சர் நிலையம் 2004லயே சொன்னது. வீட்டில வெத்திலை போடுறவங்க இரிந்தா, ரெண்டு கிழமையில ஆறாத புண், வெள்ளை சிவப்புப் படை இரிக்கா எண்டு பாருங்க, இரிந்தா ஆஸ்பத்திரி பல் கிளினிக்குக்கு உடனே கூட்டிப் போங்க.