ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் செந்நிறம்: தேய்மானமா, முலாமா, மஞ்சளா?

1940களில் வந்த, பிரிட்டிஷ் ராஜா ஆறாம் ஜார்ஜின் தலை பொறித்த ரூபாயில் அவருடைய கிரீடமும் கன்னமும் செம்பு நிறத்தில் தெரிந்தால், பார்க்கிறவர்கள் உடனே "இது போலி" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அவசரத்தில் வருவது. அதே நிறத்துக்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்றுதான் போலி.

முதலில் உலோகத்தைப் பார்ப்போம். 1938, 1939 ஆண்டுகள் பொறித்த ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதம். போர்க்காலத்தில் வெள்ளி தட்டுப்பாடானதும், 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் அது 50 சதவீதமாக இறங்கியது. மீதியில் 40 பங்கு செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து பங்கு. இவ்வளவு செம்பு கலந்த உலோகம் தானாக வெள்ளையாக இருக்காது. அச்சடிப்பதற்கு முன், காசாகப் போகும் வெற்று உலோக வில்லையைச் சூடாக்கி அமிலத்தில் போடுவார்கள். மேலே உள்ள செம்பு கரைந்துபோய், வெள்ளி மிகுந்த மெல்லிய தோல் ஒன்று மிஞ்சும். புதுக்காசின் வெண்மை அந்தத் தோலுடையது. கை மாறி மாறிப் புழங்கியதும் மேடான இடங்களில் அது தேய்ந்து, உள்ளே இருக்கும் மங்கிய மஞ்சள் சிவப்பு வெளியே வந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், முலாம் பூசிய போலியும் இதே இடங்களில்தான் தேயும். அதனால் நிறம் எங்கே இருக்கிறது என்பதை வைத்து மட்டும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரு லென்ஸ் எடுத்து நிறம் மாறும் எல்லையைப் பாருங்கள். நல்ல காசில் வெண்மை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி மஞ்சளுக்குப் போகும், இன்ன இடம் என்று கோடு கிழிக்க முடியாது. முலாமில் பெரும்பாலும் கோடு தெரியும். சில இடத்தில் உரிந்த விளிம்பு, சில இடத்தில் சிறு கொப்புளம், அடியில் பளிச்சென்ற செம்போ பித்தளையோ. அப்புறம் காசின் ஓரம். 1940 முதல் வந்த வெள்ளி ரூபாய்க்குக் கள்ளக்காசைத் தடுக்கவென்றே பாதுகாப்பு ஓரம் கொடுத்தார்கள். கோடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் சுற்றி ஓடும். உருக்கி அச்சில் ஊற்றிய வார்ப்புப் போலியில் அது மழுங்கியோ பாதி இல்லாமலோ இருக்கும்.

கண்ணுக்குச் சந்தேகம் தீரவில்லையா, தராசுக்குப் போகலாம். எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை. முழு எடை ஒரு தோலா, 11.66 கிராம். ஆனால் தேய்ந்த காசு குறைவாகத்தான் நிற்கும், ஆகவே எடை மட்டும் போதாது. 0.01 கிராம் காட்டும் நகைத் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, கிண்ணத்தின் அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்க விடுங்கள். காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. காசின் எடையைத் தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். 50 சதவீத வெள்ளிக்கு 9.5 அளவில் வரும், 91.7 சதவீதத்துக்கு 10.3, செம்புக்கு 8.96, பித்தளைக்கு அதைவிடக் குறைவு. முழு எடைக் காசு ஒன்று 1.22 கிராம் காட்ட வேண்டிய இடத்தில் செம்பு 1.30 காட்டும். வித்தியாசம் சின்னதுதான், ஆனால் பொறுமையாக நிறுத்தால் தெரியும்.

ஆண்டைப் பார்க்க மறக்க வேண்டாம். 1942 காசில் கன்னம் சிவந்திருப்பது இயல்பு. அதே சிவப்பு 1938லோ 1939லோ இருந்தால் நான் கவலைப்படுவேன். அந்தக் கலவை எவ்வளவு தேய்ந்தாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். அதிலும் 1939 அரிதான காசு, ஏமாற்ற நினைப்பவருக்கு லாபம் அதில்தான்.

கந்தகத்தால் வரும் நிறத்தைப் பிரிப்பது எளிது. காற்றிலும் காகித உறையிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வண்ணம் காட்டி, கடைசியில் கறுக்கும். இது பல நேரம் ஓரத்தில் தொடங்கி உள்ளே வரும். தேய்மானச் சிவப்பு ஓரத்திலிருந்து உள்ளே பரவாது. கந்தகத்தால் நிறம் மாறிய காசைச் சாய்த்தால் நிறத்துக்கு அடியில் உலோகத்தின் மினுமினுப்பும் தெரியும்.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு காரணம் உண்டு. நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு, பூஜையறையில் மஞ்சள் குங்குமத்தோடு இருந்த காசு. இதன் நிறம் மேட்டில் இருக்காது, எழுத்துகளின் இடுக்கிலும் பூவேலைப் பள்ளத்திலும் தங்கும். தேய்மானத்துக்கு நேர் எதிர். ஒரு சொட்டுச் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒட்டியிருப்பது மஞ்சள்தூளாக இருந்தால் சோப்பின் காரம் பட்டதும் சிவக்கும்.

பச்சையும் தெரிகிறதா? பிவிசி என்ற பிளாஸ்டிக் உறையில் வைத்த காசில் வரும் பச்சை பிசுபிசுவென்று இருக்கும். சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்தால் அது கரைந்துவிடும், உலோகத்துக்குக் கெடுதல் இல்லை. செம்பில் பிடிக்கும் களிம்பு வேறு. அது கெட்டியாக ஒட்டி, அடியில் குழி பறித்திருக்கும், அசிட்டோனுக்கு அசையாது.

இதில் எதுவாக இருந்தாலும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். போர்க்கால ரூபாயில் மிஞ்சியிருக்கும் வெள்ளித் தோலும் அதோடு போய்விடும், சிவப்பு இன்னும் அகலமாகும். அதற்குப் பிறகு லென்ஸில் பார்க்க எல்லையும் இருக்காது, கேட்டு வருகிறவர் தரும் விலையும் இருக்காது.