நான்கு நாள் கருவிழியா, கிளிசரின் கருவிழியா?

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும், சென்னையில் வீட்டுக்கு வந்து கண் தானம் பெறுவது கிட்டத்தட்ட நின்றுபோனது. இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். கொரோனா சந்தேகத்துக்கு நடுவே அது எப்படி முடியும்?

தானக் கண்ணிலிருந்து பிறருக்குப் பொருத்துவது கருவிழியை, அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிவான படலத்தை. கெடாமல் வைக்க உதவும் எம்.கே. என்ற திரவத்தில் குளிர்ச்சியாக வைத்த கருவிழி 4 நாள் தாங்கும். உள்ளடுக்கு செல்கள் உயிரோடு இருப்பதால் ஒட்டியபின் தெளிவாக நிற்கும், பார்வையும் திரும்பும். ஆனால் தானம் நின்றால் இருப்பும் சில நாளில் காலி. 14 நாள் தாங்கும் திரவங்களும் உண்டு. மாதக்கணக்கில் நீண்ட ஊரடங்குக்கு அதுவும் போதாது.

கிளிசரினில் போட்டது மாதக்கணக்கில் இருக்கும். வெளியே எடுக்கும்போது சுருங்கி விறைத்திருக்கும். ஊறவைத்துத்தான் தைக்க வேண்டும். செல்கள் செத்துவிட்டதால் பெரும்பாலும் மங்கிவிடும், பார்வையை எதிர்பார்க்க முடியாது. சரி, அப்புறம் எதற்கு? நெல் அறுக்கும்போது கண்ணில் கீறி, பூஞ்சைப் புண்ணாகி, கருவிழி ஓட்டையாகி எழும்பூர் கண் மருத்துவமனைக்கு ஓடிவருபவரை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கே அந்த ஓட்டையை அடைக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணே போய்விடும். அதற்குக் கிளிசரின் கருவிழி போதும்.

சாதாரண நாளில் நான் முதலாவதையே சொல்வேன். பெருந்தொற்றில் கிளிசரின் இருப்பு இல்லாத கண் வங்கியை நினைத்தாலே பயமாக இருக்கிறது. பார்வைக்கு ஆகாது என்று ஒதுக்கும் கருவிழிகளையும் இதற்குச் சேர்த்து வைக்கலாம். இப்படிக் கண் பிழைத்தவருக்கு, புண் ஆறியபின் பார்வைக்காகப் புதிய கருவிழி பொருத்தலாம்.