480 பவுண்ஸ் போச்சு: பொய்லர் பம்ப் மாத்த ஆள் பிடிக்கிற ஆக்கள் கவனம்

லண்டன்ல இருக்கிற எங்கட ஆக்களுக்காக எழுதுறன். ஆத்திரத்திலதான் எழுதுறன், முன்னுக்குப் பின்னா இருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்கோ. என்ன கவனிக்கோணும் எண்டதையும் கடைசியில போடுறன்.

இங்க 2005இல சட்டம் வந்த பிறகு வீட்டைச் சூடாக்கப் பூட்டுற காஸ் பொய்லர் அநேகமா எல்லாம் கண்டென்சிங் பொய்லர்தான். புகையோட போற சூட்டையும் இழுத்தெடுக்கிறதால உள்ளுக்குத் தண்ணி ஊறும். எங்கட பொய்லர் இருக்கிறது படிக்குக் கீழ கபேட்டுக்குள்ள. அங்கயிருந்து தண்ணி தானா வடிய வழியில்லை. அதால ஒரு குட்டிப் பம்ப் அதைச் சேர்த்து, மெல்லிய குழாயால குசினி சிங்க் கழிவுக்கு ஏத்திவிடும். அந்தக் குட்டிப் பம்ப்தான் என்ர 480 பவுண்ஸைத் திண்டது.

தை மாதக் குளிருக்குள்ள அது கொஞ்ச நாளாக் களகள எண்டு சத்தம் போட்டுப்போட்டு நிண்டுது. பொய்லரும் நிண்டுது. வீட்டில மாமி இருக்கிறா, சின்னப்பிள்ளை இருக்குது. வேலையாள் பிடிச்சுத் தாற ஒன்லைன் தளம் ஒண்டில போட்டன். பெயருக்குப் பக்கத்தில பச்சை அடையாளம், முழுக்க அஞ்சு நட்சத்திரம். பின்னேரமே ஆள் வந்திட்டார்.

வாசல்ல வைச்சே "அக்கா, ஊரில எவடம்?" எண்டு தமிழ்ல கேட்டார். மாமிக்கு அதுவே காணும். சப்பாத்தைக் கழட்டி ஓரமா வைச்சார், பிளேன்ரீ குடிச்சார், "அம்மா, குளிருக்க நிக்காதேங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்" எண்டார். காஸ் வேலைக்குப் பதிஞ்ச ஆக்களுக்குக் குடுக்கிற காஸ் சேஃப் காட்டையும் பேர்ஸுக்குள்ளயிருந்து எடுத்துக் காட்டிப்போட்டு உடன வைச்சிட்டார். பம்ப் எரிஞ்சிட்டுதாம், புதுசு போடோணுமாம், தன்ர வானுக்குள்ள ஒண்டு இருக்காம், கூலியோட 480 பவுண்ஸ். "வெள்ளைக்காரன் எண்டா 700 கேப்பான் அக்கா, நீங்கள் எங்கட ஆக்கள்." காஸ் வேலை, பிள்ளை கிட்ட வரக்கூடாது எண்டு கபேட் கதவையும் சாத்திக்கொண்டார். வெளியில வந்து சுவிச்சைப் போட, ஹீற்றிங் வந்திட்டுது. காட் மெசின் வேலை செய்யேல்லை எண்டு சொல்ல, பாங்க் ட்ரான்ஸ்பர்ல 480 போனது.

அந்தக் கிழமையே கபேட்டுக்கு முன்னால லமினேற் தரை பொம்மிக்கொண்டு வந்திட்டுது. காலை வைச்சாத் தண்ணி.

பக்கத்து வீட்டு மனுசி ஒரு வயசான பிளம்பரை அனுப்பினா. அவர் பம்பைக் கழட்டித் தலைகீழாப் பிடிச்சுக் காட்டினார். அடியில வெள்ளைப் பெயின்ற் சொட்டு! அந்தக் கபேட்டுக்கு என்ர மனுசன் பெயின்ற் அடிக்கேக்க சிந்தின சொட்டு. புதுப் பம்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மேல்மூடியைத் துடைச்சு, புது ஸ்ரிக்கர் ஒட்டி, திருப்பி வைச்சிருக்கிறான். தண்ணி ஏறேக்க மேல வந்து பம்பை ஓடவைக்கிற மிதவை உள்ளுக்குப் பாசியில அப்பிடியே ஒட்டிக்கொண்டு கிடக்குது. கழுவினாலே ஓடியிருக்கும் எண்டார் அந்த மனுசன்.

அதைவிட மோசம் வயர். தண்ணி நிரம்பினா பொய்லரை நிப்பாட்ட அந்தப் பம்பில ஒரு பாதுகாப்பு சுவிச் இருக்குது. அதின்ர ரண்டு வயரையும் ஒண்டா முறுக்கி ரேப் சுத்தியிருக்கிறான். அதாலதான் ஹீற்றிங் "வந்தது". பம்ப் ஏத்தேல்லை, பொய்லரும் நிக்கேல்லை, தண்ணி முழுக்கத் தரைக்குள்ள. அதுவும் சும்மா தண்ணியில்லை, அமிலத் தண்ணி.

போன் எடுத்தன். "அக்கா, ட்ரைவ் பண்ணுறன், பின்னேரம் எடுக்கிறன்." எடுக்கேல்லை. படங்களை வற்ஸ்அப்பில அனுப்பினன், நீல ரிக் விழுந்துது, பதில் இல்லை. மனுசன்ர போன்ல இருந்து எடுத்தா, "அது வெளிக் குழாய் உறைஞ்சது, குளிருக்கு நான் என்ன செய்யிறது?" எங்கட குழாய் வெளியில போகவே இல்லையடா! இப்ப நம்பரையே புளொக் பண்ணிப்போட்டான். பில்லில எழுதியிருந்த காஸ் சேஃப் இலக்கத்தை அவையின்ர தளத்தில போட்டுப் பாத்தா, அப்பிடியொரு இலக்கமே இல்லை.

ஆள் பிடிச்சுத் தந்த தளம்? முதல்ல ரோபோ கதைச்சுது. பிறகு ஒரு பிள்ளை, காசு தங்களுக்குள்ளால போகேல்லையாம், அதால உத்தரவாதம் செல்லாதாம், "உங்கட அனுபவத்துக்கு வருந்துகிறம்" எண்டா. பச்சை அடையாளம் குடுத்தது ஆர் எண்டு கேட்டன், லைன் கட்டாயிட்டுது. நான் எழுதின விமர்சனம் இன்னும் "பரிசீலனையில". பாங்க்காரன் இது மோசடியில்லையாம், வேலைத் தகராறாம். 480 பவுண்ஸ்! நல்ல பம்ப் ஒண்டே கடையில 100 பவுண்ஸுக்குக் கிட்டத்தான்.

சரி, சொன்ன விசயம். காஸ் சேஃப் காட்டின்ர பின்பக்கத்தையும் பாருங்கோ, என்ன வேலைக்குத் தகுதி எண்டு அதிலதான் இருக்கும். இலக்கத்தைக் கதவைத் திறக்க முதலே தேடுங்கோ. கழட்டின பழைய சாமானைக் கையில வாங்குங்கோ. 100 பவுண்ஸுக்கு மேல எண்டா கிரெடிற் காட்டாலதான் கட்டுங்கோ, கன்சியூமர் கிரெடிற் சட்டத்தின்ர செக்ஷன் 75 எண்டு சொல்லிக் காட் குடுத்த பாங்கைப் பிடிக்கலாம். மிச்சம் பிறகு எழுதுறன், தரை இன்னும் ஈரமாத்தான் கிடக்குது. ஈஸ்ட்ஹாம் பக்கம் லமினேற் போடுற நல்ல ஆள் ஆரும் தெரிஞ்சாச் சொல்லுங்கோ. தமிழ் கதைக்கோணும் எண்டில்லை.