இடி, மின்வெட்டு, அகரவரிசை: போஸ்ட்கிரஸ் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்து ரப்பர் கொள்முதல், தோவாளைப் பூக்கணக்கு, குளச்சல் மீன் ஏலம், மார்த்தாண்டத்து மருந்துக்கடை பில்லிங் என எதை ஏற்றினாலும் போஸ்ட்கிரஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் தானாகக் கெட்டுப்போவது அரிது. அதைச் சுற்றி நிற்பவைதான் கெடும்: கரண்ட், டிஸ்க், பழைய லினக்ஸ், யாரும் திறந்து பார்க்காத பேக்கப். பழி மட்டும் டேட்டாபேஸ் தலையில் விழும். கீழே உள்ள அளவுகள் 4 கோர், 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள ஒற்றைச் சர்வருக்கானவை. இங்குள்ள நடுத்தர அலுவலகங்களுக்கு அது தாராளம்.

கரண்டும் டிஸ்க்கும்

ஆரல்வாய்மொழியில் அத்தனை காற்றாலைகள் சுற்றினாலும் ஐப்பசி இடிமழையில் கரண்ட் போகத்தான் செய்யும். போனால் டேட்டா கெடுமா? டிஸ்க் பொய் சொல்லாதவரை கெடாது. ஒவ்வொரு மாற்றமும் முதலில் வால் என்ற ரைட்-அஹெட் லாகில் எழுதப்பட்டு, எஃப்சிங்க் (டிஸ்க்கில் நிஜமாகவே பதிய வைப்பது) முடிந்த பிறகே கமிட் ஆனதாகப் பதில் வரும். பெயர்தான் வால், தலையெழுத்து முழுக்க அதில்தான். கரண்ட் வந்ததும் கடைசி செக்பாயின்ட்டிலிருந்து (அதுவரையிலான மாற்றங்கள் டேட்டா ஃபைலில் சேர்ந்துவிட்ட புள்ளி) வாலை மறுபடி ஓட்டி சர்வர் எழும். அதுவரை 'ஸ்டார்ட்டிங் அப்' என்றே பதில் வரும். அந்தச் சில நிமிடங்களில் பதறிப்போய் கில் மைனஸ் 9 அடிப்பது, வாலையே தூக்கியெறியும் பிஜி_ரீசெட்வால் ஓட்டுவது போன்ற கைவேலைகள்தான் உண்மையான சேதத்தைச் செய்கின்றன.

பொய் சொல்லும் டிஸ்க்கைக் கண்டுபிடிக்க, கூடவே வரும் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் போதும். 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 120 சுற்றுதான் சுற்றும். அதில் நொடிக்கு ஆயிரக்கணக்கில் எஃப்சிங்க் ஆவதாகக் காட்டினால், டிஸ்க்கின் ரைட் கேஷ் மின்சாரம் போகும்போது கையிலிருப்பதைத் தொலைக்கும். எஸ்எஸ்டி வாங்கும்போது 'பவர் லாஸ் புரொட்டெக்‌ஷன்' இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் லேப்டாப் எஸ்எஸ்டிகளில் பெரும்பாலும் அது இராது.

வீட்டு இன்வெர்ட்டரில் சர்வரை மாட்டியிருந்தால் அதன் சுவிட்ச் 'யுபிஎஸ்' நிலையில் இருக்கட்டும். நார்மல் நிலையில் மாறும் நேரம் நீளம், சர்வர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். நல்ல யுபிஎஸ் என்றால் யுஎஸ்பி கேபிளையும் மாட்டி, பேட்டரி குறைந்ததும் 'ஃபாஸ்ட்' முறையில் டேட்டாபேஸ் நிற்கும்படி அமைக்க வேண்டும்.

கடலோர ஊர்களில் உப்புக்காற்று இன்னொரு வில்லன். ரேம் ஸ்லாட்டிலும் சாட்டா கனெக்டரிலும் களிம்பு ஏறும். எப்போதாவது ஒரு ஐ/ஓ பிழை வந்து மறையும். டேட்டா செக்சம் (ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சரிபார்ப்பு எண்) போட்டிருந்தால் கெட்ட பக்கத்தைப் படிக்கும்போதே தெரிந்துவிடும். பதிப்பு 18-இல் இது இயல்பாகவே உண்டு. 12 முதல் 17 வரை சர்வரை நிறுத்திவிட்டு பிஜி_செக்சம்ஸ் கொண்டு இயக்கலாம். 2018-இல் வெளிச்சத்துக்கு வந்த எஃப்சிங்க் சிக்கலும் இந்த வகைதான். எழுதத் தவறியதை லினக்ஸ் ஒருமுறை சொல்லிவிட்டு, அடுத்த முறை கேட்டால் எல்லாம் சரி என்றுவிடும். 2019 பிப்ரவரியில் வந்த சிறுபதிப்புகள் முதல், எஃப்சிங்க் தோற்றால் சர்வர் நின்று வாலிலிருந்து மீளும். அப்படி ஒருமுறை நின்றால் போஸ்ட்கிரஸைத் திட்டாமல் டிஸ்க்கை மாற்றுங்கள்.

அமைப்புகள்

ஷேர்டு_பஃபர்ஸ் (டேட்டாவை வைத்துக்கொள்ளும் பொது ரேம்) இயல்பில் 128 எம்பிதான். 4 ஜிபி ஆக்குங்கள். எஸ்எஸ்டி என்றால் ரேண்டம்_பேஜ்_காஸ்ட் (அங்கங்கே தாவிப் படிப்பதற்கான மதிப்பீட்டுச் செலவு) 4-லிருந்து 1.1. மேக்ஸ்_வால்_சைஸ் 4 ஜிபி, செக்பாயின்ட்_டைம்அவுட் 15 நிமிடம். ஒர்க்_மெம்தான் ஆட்களைக் கவிழ்ப்பது. அது ஒரு இணைப்புக்கான அளவு அல்ல. ஒரு குவரிக்குள் ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஹேஷுக்கும் தனித்தனியாக எடுக்கப்படும். 64 எம்பி வைத்து, 100 இணைப்புகளும் ஆளுக்கு இரண்டு சார்ட் செய்தால் 12.8 ஜிபி. ரேம் தீர்ந்தால் லினக்ஸின் ஓஓஎம் கில்லர் ஒரு புரோசஸைக் கொல்லும்; ஷேர்டு மெமரி கெட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தில் போஸ்ட்கிரஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் அறுத்துவிட்டு மறுபடி எழும். 16 எம்பியில் தொடங்கி, பெரிய ரிப்போர்ட்டுக்கு மட்டும் அந்த செஷனில் கூட்டுங்கள். இணைப்புகள் பெருகினால் மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸைக் கூட்டாமல் இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரை முன்னால் நிறுத்துவது நல்லது. டிரான்சாக்‌ஷன் முறையில் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் வேண்டுமென்றால் அதன் பதிப்பு 1.21 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

ஆட்டோவாக்யூமை (நீக்கிய, மாற்றிய வரிசைகளின் செத்த பிரதிகளைத் தானாகத் துப்புரவாக்குவது) அணைக்காதீர்கள். அது மெதுவாக்குகிறது என்று தோன்றினால், பெரும்பாலும் அடிக்கடி ஓடாததுதான் காரணம். இயல்பு அளவு 0.2 என்பதால், ஒரு கோடி வரிசை உள்ள டேபிளில் சுமார் 20 லட்சம் வரிசைகள் செத்த பிறகே அது கை வைக்கும். அந்த டேபிளுக்கு மட்டும் 0.01 கொடுத்தால் ஒரு லட்சத்திலேயே துப்புரவு தொடங்கும். அதற்கும் குறுக்கே நிற்பது, பிகின் அடித்து ஒரு மாற்றம் செய்துவிட்டு, கமிட் செய்யாமல் சாயா குடிக்கப் போன செஷன். அது திறந்திருக்கும்வரை அதன் பிறகு செத்த வரிசைகளை அகற்ற முடியாது. ஐடில்_இன்_டிரான்சாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட் இயல்பில் 0, அதாவது கட்டுப்பாடே இல்லை. 5 நிமிடம் வையுங்கள்.

தமிழ் எழுத்தும் விடியற்காலைத் தேதியும்

இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை, இங்கே அடிக்கடி கடிப்பது இதுதான். 'சி' கொலேஷனில் (கொலேஷன் என்பது எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி) வரிசைப்படுத்தினால் யூனிகோடு எண் வரிசைதான் வரும். அதில் ன-வுக்கு இடம் ந-வை அடுத்து. நம் அகரவரிசையில் அது கடைசி. ஆகவே பனச்சமூடு, பம்மம், பள்ளியாடி என்று பட்டியல் வரும். அகராதிப்படி பம்மம், பள்ளியாடி, பனச்சமூடு என்றல்லவா வரவேண்டும்? ஆர்டர் பையில் ஐசியு என்ற யூனிகோடு நூலகத்தின் தமிழ் கொலேஷனைக் குறிப்பிட்டால் சரியாகும்.

அடுத்தது பெயர் தேடல். 'கொ' என்பதில் ொ ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ெ-யும் ா-வும் இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு வேறு வேறு. பதிப்பு 13 முதல் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் உண்டு. உள்ளே எழுதும்போதே என்எஃப்சி என்ற ஒன்றிணைந்த வடிவுக்கு மாற்றிவிடுங்கள். ஆனால் ௌ-வுக்குப் பதில் ெ போட்டு ள தட்டியவர்களை அது திருத்தாது. அதற்குத் தனி விதி எழுத வேண்டும். வார்கேர் (எழுத்தெண்ணிக்கை வரம்புள்ள வகை) அளவிலும் கவனம் வேண்டும்: நாகர்கோவில் நமக்கு 6 எழுத்து, போஸ்ட்கிரஸ் கணக்கில் 11, யுடிஎஃப்-8 பைட்டில் 33. வார்கேர் 10 வைத்தால் மாவட்டத் தலைநகரே உள்ளே நுழையாது. டெக்ஸ்ட் வகையே போதும்.

இதைவிட ஆபத்தானது லினக்ஸ் மேம்படுத்தல். 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 (லினக்ஸின் அடிப்படை நூலகம்) வரிசை விதிகளை மாற்றியது. டெபியன் 9-லிருந்து 10-க்கும், உபுண்டு 18.04-லிருந்து 20.04-க்கும் தாவியபோது பழைய டெக்ஸ்ட் இண்டெக்ஸ்கள் புது விதியோடு ஒத்துப்போகவில்லை. டேபிளில் இருக்கும் பெயர் தேடலில் கிடைக்காது. யூனிக் போட்ட பெயர் இரண்டு முறை ஏறும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஓஎஸ் மாறினால் டெக்ஸ்ட் இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் செய்யுங்கள். ஏற்கெனவே மாறியிருந்தால் ஆம்செக் என்ற சோதனைக் கருவி கொண்டு சோதியுங்கள். ரெப்ளிக்காவிலும் (உடனுக்குடன் நகலாகும் இரண்டாவது சர்வர்) அதே ஓஎஸ் பதிப்பு இருக்க வேண்டும்.

தோவாளைப் பூச்சந்தை விடியுமுன்னே சூடுபிடித்துவிடும். சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால், 10-ஆம் தேதி காலை 4 மணி விற்பனை 9-ஆம் தேதி இரவு 10.30 ஆகும், கரன்ட்_டேட் காலை 5.30 வரை நேற்றையதையே சொல்லும். டைம்ஸ்டாம்ப்டிஇசட் வகையில் சேமித்து, ரோலுக்கு ஏசியா/கொல்கத்தா நேரத்தை அமைத்தால் தீர்ந்தது. காசுக்கும் ரப்பர்பால் டிஆர்சி (உலர் ரப்பர் அளவு) சதவீதத்துக்கும் நியூமெரிக், ஃப்ளோட் கூடாது.

பேக்கப்

ரெப்ளிக்கா பேக்கப் ஆகாது. 'வேர்' நிபந்தனை (எந்த வரிசைகள் என்று சொல்வது) விட்டுப்போன டிலீட் அடுத்த நொடியே அங்கேயும் ஓடும். அதே கட்டடத்தில் இருந்தால் இன்னும் வீண்: 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன.

தினமும் இரவு ஒரு பிஜி_டம்ப். கூடவே பிஜிபேக்ரெஸ்ட் என்ற பேக்கப் கருவி வழியாக வாரம் ஒரு முழு பேக்கப்பும் தொடர்ந்த வால் ஆர்க்கைவும் மாவட்டத்துக்கு வெளியே. ஆர்க்கைவ்_டைம்அவுட்டை (வால் ஃபைல் நிறையாவிட்டாலும் அனுப்பும் இடைவெளி) 60 நொடி என்று கண்ணை மூடி எழுதிவிடாதீர்கள். நாள் முழுக்க ஏதாவது எழுதிக்கொண்டே இருக்கும் சர்வரில் நிமிடத்துக்கு 16 எம்பி ஃபைல் ஒன்று, நாளுக்கு 1440, அதாவது சுமார் 22.5 ஜிபி. 300 நொடி வைத்தால் 4.5 ஜிபி. பாதி காலியான ஃபைல்கள் நன்றாகச் சுருங்கும் என்பதால் இசட்எஸ்டி சுருக்கமும் போடுங்கள். அப்லோடு மெதுவான லைனுக்கு இது உயிர்.

அந்த லைன் அறுந்தால், ரோடு தோண்டும் பருவத்தில் அறுக்கத்தான் செய்யும், ஆர்க்கைவ் ஆகாத வால் ஃபைல்கள் பிஜி_வாலில் குவியும். கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட்டும் (ரெப்ளிக்காவுக்காக வாலைப் பிடித்து வைப்பது) இதையே செய்யும். டிஸ்க் நிறைந்தால் சர்வர் நின்றுவிடும். பதிப்பு 13 முதல் மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் உண்டு, ஆனால் இயல்பில் வரம்பில்லை. 20 ஜிபி போல ஒன்று வையுங்கள். பிஜி_வாலில் எதையும் கையால் அழிக்க வேண்டாம். அந்த ஃபோல்டரின் பழைய பெயர் பிஜி_எக்ஸ்லாக். வெறும் லாக் என்று நினைத்து ஆட்கள் அழித்துவிட்டார்கள் என்பதாலேயே பதிப்பு 10-இல் பெயரை மாற்றினார்கள்.

மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, நேற்றைய கடைசி பில் எண் வருகிறதா என்று பாருங்கள்.

பதிப்பும் மாற்றும்

ஒவ்வொரு பெரும்பதிப்புக்கும் 5 ஆண்டு ஆதரவு. சிறுபதிப்புகள் மூன்று மாதத்துக்கொருமுறை. பேக்கேஜை மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் போதும். தள்ளிப்போடுவதன் விலைக்கு 14 நல்ல உதாரணம்: 14.0 முதல் 14.3 வரை கன்கரன்ட்லி (எழுதுவதைத் தடுக்காத) முறையில் போட்ட இண்டெக்ஸ் கெட வாய்ப்பிருந்தது, 2022 ஜூனில் வந்த 14.4 சரிசெய்தது. பெரும்பதிப்புக்கு பிஜி_அப்கிரேடு லிங்க் முறை (ஃபைல்களை நகலெடுக்காதது) வேகமானது. ஆனால் புதியதைத் தொடங்கிய பின் பழையதற்குத் திரும்ப முடியாது. 18-க்கு முந்திய பதிப்புக்கு ஏறும்போது குவரித் திட்டத்துக்கான புள்ளிவிவரங்கள் உடன் வராது. உடனே வாக்யூம்டிபியை அனலைஸ்-இன்-ஸ்டேஜஸ் உடன் ஓட்டாவிட்டால் காலையில் எல்லாக் குவரியும் ஆமைபோல நகரும்.

மரியாடிபி என்ற இன்னொரு டேட்டாபேஸும் மோசமில்லை, வேர்ட்பிரஸ் கடைக்கு அதுவே எளிது. யுடிஎஃப்8எம்பி4 தேர்ந்தெடுத்து, அதன் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியின் ஃப்ளஷ் அளவை 1-இலேயே விட்டால் நன்றாகவே ஓடும். ஆனால் அதில் ஒவ்வொரு ஆல்டர் டேபிளும் தானாகவே கமிட் ஆகிவிடும், முடிந்த மாற்றங்களுக்கு ரோல்பேக் இல்லை. போஸ்ட்கிரஸில் பத்து மாற்றங்களை ஒரே டிரான்சாக்‌ஷனில் போட்டு, பத்தாவது தவறினால் ஒன்பதையும் திரும்பப் பெறலாம். ஆல்டருக்கு முன் லாக்_டைம்அவுட் 3 நொடி வைக்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் ஒரு நீண்ட ரிப்போர்ட்டுக்குப் பின்னால் ஆல்டர் காத்து நிற்க, ஆல்டருக்குப் பின்னால் கவுன்ட்டர் முழுக்க வரிசையில் நிற்கும்.